ஏழு மணிக் கச்சேரியும் நள்ளிரவு உரமும்

பிரதோஷத்தன்று அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் டிவியில் ஏழு மணிக் கச்சேரி முடிந்துவிடும். "யூட்யூபில் பாரேம்மா" என்றால், "அதைத் தேடி எடுத்துக் கொடுக்க நீ ஊருக்கு வரணும்" என்று பதில் வரும். டிவி நிகழ்ச்சியைத் தானாகப் பதிந்து வைக்கும் இந்த வேலை தொடங்கியது அங்கேதான்.

கும்பகோணத்து வீட்டில் போட்டோக்களைச் சேர்த்து வைக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் கழித்துப் போட்ட இன்டெல் ஐ5-6500, 8 ஜிபி ராம், 4 டிபி டிஸ்க். மொட்டைமாடியில் டிடி ஃப்ரீ டிஷ், அதாவது தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. இரண்டுக்கும் நடுவே செயற்கைக்கோள் டிவி சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் வாங்கும் ஒரு யூஎஸ்பி டிவிபி-எஸ்2 ட்யூனரைச் செருகினால் முடிந்தது என்று நினைத்தேன். கட்டணச் சேனல்கள் பூட்டோடு வருபவை, அவற்றின் பக்கமே போகவில்லை. அம்மா பார்ப்பது டிடி தமிழ்தான். 2024 ஜனவரியில் பெயர் மாறியும் அவருக்கு இன்னும் அது பொதிகைதான்.

முதல் சறுக்கல் மாடியிலேயே. செட்டாப் பாக்ஸுக்குப் போகும் கேபிளில் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டு ஒரு முனையைச் சர்வருக்கு இழுத்தேன். நான் சேனல் தேட ஸ்கேன் தட்டியதும் கூடத்தில் அப்பாவின் செய்தி நின்று திரையில் 'நோ சிக்னல்' வந்தது. காரணம் எளிது. சிக்னல் கீழே இறங்கும் அதே கேபிளில்தான் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் நீட்டி நிற்கும் சிக்னல் வாங்கி) மின்சாரம் மேலே ஏறுகிறது. 13 வோல்ட் போனால் அது செங்குத்து அலையை வாங்கும், 18 வோல்ட் போனால் கிடை அலையை வாங்கும். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் என்ற சைகையும் கூடப் போனால் மேல் பேண்டுக்கு, அதாவது உயர்ந்த அலைவரிசைப் பகுதிக்குத் தாவும். இரண்டு பெட்டிகள் ஒரே எல்என்பிக்கு இரண்டு உத்தரவு போட்டால், ஒரே மாட்டை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்த கதைதான்.

டிஷ் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "தம்பி, இதுக்கு ட்வின் எல்என்பி போடணும், ஸ்ப்ளிட்டர் எல்லாம் கேபிள் டிவிக்கு." ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வாய் உள்ள அதையே மாற்றினோம், கேபிளோடு சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. பக்கத்துத் தென்னை மறைக்குமா என்று கேட்டேன். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிற்பது 93.5 டிகிரி கிழக்கில். எங்கள் ஊரிலிருந்து தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே இருக்கிறது. அதனால் மட்டை பெரிதாகக் குறுக்கே வராது. அண்ணன் எல்என்பியின் கழுத்தைப் பிடித்து விரல் நகம் அளவுக்குத் திருப்பினார், மீட்டரில் தரம் ஏழெட்டுப் புள்ளி ஏறியது. நான் அதே வேலையை ஒரு மணி நேரம் செய்து பார்த்துத் தோற்றிருந்தேன்.

ட்யூனரை வைத்துப் பதியும் மென்பொருளுக்கு டிவிஹெட்எண்ட். அதை ஓட்டுவது டாக்கரில், அதாவது மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் (கண்டெய்னர்) வைத்து ஓட்டும் கருவியில். இங்கே நான் தாமதமாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம் உண்டு. ஒரு ட்யூனர் என்றால் ஒரு சேனல் என்று நினைத்து இரண்டு வாங்கப் பார்த்தேன். தேவையே இல்லை. ட்யூனர் பிடிப்பது செயற்கைக்கோளின் ஒரு ட்ரான்ஸ்பாண்டரை (ஒரு அலைவரிசை), அதற்குள் ஒரு கொத்துச் சேனல்கள் சேர்ந்தே வருகின்றன. கணக்குப் போட்டால் நொடிக்குச் சுமார் 40 மெகாபிட் கொட்டுகிறது. ஒரே கொத்தில் இருக்கும் வரை நான்கைக்கூட ஒரே நேரத்தில் பதியலாம். வேறு கொத்தில் இருக்கும் சேனல் வேண்டும் என்றால்தான் இரண்டாவது ட்யூனர்.

பதிவு செய்வது சர்வருக்கு வேலையே இல்லை. வருகிற ஓடையை அப்படியே டிஎஸ் என்ற வகை வீடியோ கோப்பாக டிஸ்கில் எழுதுகிறது, அவ்வளவுதான். ப்ராசஸர் மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. சேனல் நொடிக்கு 2.5 மெகாபிட் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 1.1 ஜிபி. தினம் ஒரு கச்சேரி என்றாலும் வருஷக்கணக்கில் இடம் போதும்.

சரி, ஏழு மணிக்கு டைமர் வைத்துவிட்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். மறுநாள் அம்மாவிடமிருந்து போன்: "என்னடா இது, யாரோ வயல்ல நின்னு உரத்தைப் பத்திப் பேசிண்டிருக்கார்." கோப்பின் நேரத்தைப் பார்த்தேன், நள்ளிரவு 12.30. ஏழுக்கும் 12.30க்கும் ஐந்தரை மணி வித்தியாசம், அப்போதே தலையில் அடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் இந்திய நேரம்தான். ஆனால் டாக்கர் கண்டெய்னருக்குள் யூடிசி, அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரம். நான் சொன்ன ஏழு மணியை அது யூடிசி ஏழு என்று எடுத்துக்கொண்டது. நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று ஒரே வரியில் கொடுத்ததும் சரியாகிவிட்டது. முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூடுதலாகப் பதியவும் சொல்லிவைத்தேன், நிகழ்ச்சிகள் கடிகாரம் பார்த்து வருவதில்லை.

பார்ப்பதில்தான் அடுத்த தலைவலி. டிவியில் கோடி (Kodi) என்ற வீடியோ செயலி நேராக எடுத்துக் காட்டிவிட்டது. அம்மாவின் போனுக்கு, சர்வரில் உள்ள வீடியோவை இணையம் வழியே காட்டும் ஜெல்லிஃபின் வைத்து, டிவிஹெட்எண்ட் தரும் எம்3யு என்ற சேனல் பட்டியலை அதில் கொடுத்தேன். ஃப்ரீ டிஷ்ஷில் பல சேனல்கள் இன்னும் எம்பெக்-2 என்ற பழைய வீடியோ வடிவில் வருகின்றன. போன் பிரவுசருக்கு அது தெரியாது. அதனால் சர்வர் அதை போனுக்குத் தெரிந்த எச்.264 வடிவமாக மாற்றித் தர வேண்டும். ஐ5-6500இல் இருக்கும் குயிக்சிங்க் என்ற வீடியோ மாற்றும் பகுதி இதைச் சிரமமில்லாமல் செய்கிறது, டாக்கருக்குள் கிராஃபிக்ஸ் சாதனத்தைக் காட்டிவிட்டால் போதும். முதலில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் வாங்க நினைத்தவன், நல்லவேளை வாங்கவில்லை. அதில் எம்பெக்-2வுக்கு வன்பொருள் உதவி கிடையாது.

மாற்றிய பிறகும் படம் பிடிக்கவில்லை. மிருதங்கக்காரர் தீர்மானத்துக்கு வரும்போது விரல்களுக்குப் பதில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். பழைய டிவி முறையில் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தரம், இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தரம் என நொடிக்கு 50 அரைப்படம் வருகிறது. இரண்டையும் ஒட்டி 25 முழுப்படம் ஆக்கினால், வேகமாக அசைவதெல்லாம் இப்படிப் பிசிறும். ஜெல்லிஃபினில் இந்தப் பிசிறை நீக்கும் டீஇன்டர்லேஸ் அமைப்பில் ஒவ்வொரு அரைப்படத்தையும் தனிப் படமாக்கி நொடிக்கு 50 எடுக்கும் வழியைத் தேர்ந்தேன். அதற்கப்புறம் விரல்கள் விரல்களாகவே தெரிந்தன. இதைக் கவனிக்க வைத்தது அம்மாதான், நான் தம்பூராவைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லியிருந்தேன்.

அப்புறம் சில்லறைத் தொல்லைகள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழாது, பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அதற்கு ஒரு அமைப்பு உண்டு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தானாக அப்டேட் ஆனதும், ட்யூனரை இயக்கும் டிரைவர் நிரல் காணாமல் போனது. அந்த டிரைவரைக் கெர்னலுக்கு ஏற்ப மறுபடி உருவாக்க வேண்டும். அது தெரிவதற்குள் இரண்டு கச்சேரி போய்விட்டது, இப்போது கெர்னல் அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மழைக்கு மட்டும் வழியில்லை. ஃப்ரீ டிஷ் வரும் கேயூ பேண்ட் அலை அடைமழையில் நலிந்துவிடும். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமைப் பதிவில் பல்லவி தொடங்கும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நாற்பது நொடி காணவில்லை. டிஷ்ஷைப் பெரிதாக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டிருக்கிறேன், கார்த்திகை கழியட்டும் என்கிறார். அம்மா இதற்கிடையில் உர நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதியச் சொல்லிவிட்டார், கொல்லையில் கத்தரிக்குப் பூச்சி விழுகிறதாம்.