ஒரே சாயம், இரண்டு நிறம்

"ஐயா, வேறு சாயம் எதுவும் ஊற்றவில்லையே!" கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி மாணவி கேட்டாள். டொலுயிடின் நீலம் என்ற சாயம் கரைந்த நீர். அதில், இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் சில துளிகள். அவ்வளவுதான், கண் இமைப்பதற்குள் நீலம் செவ்வூதாவாகிவிட்டது.

இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை!

ஹெபாரின் நீண்ட சங்கிலி. உடலெங்கும் எதிர் மின்சுமை. சாயத்துக்கோ நேர் மின்சுமை. நீரில் தனித்தனியே அலைந்த தட்டையான மூலக்கூறுகள் சங்கிலியில் ஒட்டியதும், அடுக்கிவைத்த நாணயங்கள்போல நெருங்கிவிடுகின்றன. தனியாக இருந்தபோது 630 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சியவை, இப்போது அதைவிடக் குறுகிய அலைநீளத்தை உறிஞ்சுகின்றன. நம் கண்ணுக்கு நிறம் மாறுகிறது.

கொஞ்சம் உப்பைப் போடச் சொன்னேன். சோடியம் அயனிகள் இடத்தைப் பிடிக்க, சாயம் பிரிந்து பழைய நீலம் வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஹெபாரினையே தாராளமாகச் சேர்த்தாலும் நீலம் மெல்லத் தலைகாட்டும். இடம் நிறைய இருந்தால் சாயம் விலகி விலகி உட்கார்ந்துகொள்கிறது.

1878இல் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் தம் முனைவர் பட்ட ஆய்வில், ஒவ்வாமையில் பங்கேற்கும் மாஸ்ட் செல்களை அடையாளம் கண்டது இந்த நிறமாற்றத்தை வைத்துத்தான். அப்போது அவருக்கு வயது 24. அந்தச் செல்களுக்குள் ஹெபாரின் இருப்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரியவந்தது.

மாணவி இன்னும் உப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த குழாயைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.