இரண்டாவது வாய்தாவுக்கு முன்

குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கி 18 ஆண்டுகள் ஆகின்றன. பதில் தெரிந்திருந்தும் சொல்ல நா எழாமல் நான் நின்றது, ஒரு பெண் கேட்ட இந்தக் கேள்விக்குத்தான்: "மேடம், நான் இப்போது அவருக்கு யார்?"

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில், கணவனும் மனைவியும் சேர்ந்து போட்ட பரஸ்பர சம்மத மனு அது. ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து, நீதிபதி முன் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். நான்காவது மாதத்தில் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். செய்தி கேட்டு மகளோடு ஓடிவந்த அந்தப் பெண்ணைக் கணவர் வீட்டார் வாசலிலேயே மறித்து, "அதுதான் கையெழுத்துப் போட்டுவிட்டாயே" என்றிருக்கிறார்கள். தெருமுனையில் நின்று பாடையைப் பார்த்துவிட்டு நேராக என் அலுவலகத்துக்கு வந்திருந்தார்.

அவர் மனைவிதான். விவாகரத்து கேட்கும் உரிமை அந்த இருவரோடு முடிவது. ஒருவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்த்து வழக்கை நடத்த முடியாது, மனு அற்றுப்போகும். தீர்ப்பு வராதவரை, எத்தனை ஆண்டு பிரிந்து வாழ்ந்திருந்தாலும் திருமணம் நிலைத்திருக்கிறது. விவாகரத்து இல்லாமல் பிரிந்து வாழ மட்டும் அனுமதிக்கும் நீதிமன்றப் பிரிவினைத் தீர்ப்பு வாங்கியவர்களுக்கும் இதுவே நிலை.

அடுத்த வாய்தாவில் இறப்புச் சான்றிதழை வைத்து மெமோ கொடுத்தேன். மனு அற்றுப்போனதாக ஒரு வரி உத்தரவு. முன்பெல்லாம் இப்படி முடிந்த வழக்குக் கட்டை அலமாரியின் மேல்தட்டில் போட்டுவிடுவேன். நகல் கேட்டு மனுப்போடக்கூடத் தோன்றாது. அந்த அலட்சியத்தை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. ஏனென்றால், இரண்டு மாதத்தில் மாமியார் தரப்பில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள். மருமகள் விவாகரத்தானவர் என்று சொல்லி அவர் பெயரை விட்டிருந்தார்கள். வட்டாட்சியர் முன் நாங்கள் வைத்தது அந்த ஒரு வரி உத்தரவின் சான்றிட்ட நகலைத்தான். பெயர் சேர்ந்தது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகள், தாய் மூவரும் முதல் வகுப்பு வாரிசுகள். உயில் இல்லாததால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மூவருக்கும் சமபங்கு. மாமியாருக்கு இது அநியாயமாகப் பட்டது. கடைசி வாரத்தில் மகனுக்குக் கஞ்சி ஊட்டியவர் அவர். அவரது கோபத்தை என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

தீர்ப்பு வந்த பிறகு இறந்தால் கதை வேறு. அங்கும் ஒரு கதவு உண்டு. மனைவி ஆஜராகாத நிலையில் கணவர் ஒருதலைப்பட்சமாக விவாகரத்து வாங்கிவிட்டு இறந்தாலும், அதை நீக்கக் கேட்டு மனைவி அவருடைய வாரிசுகளுக்கு எதிராக மனுப்போடலாம் என்று எல்லவ்வா எதிர் சாந்தவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவி என்ற நிலையோடு சொத்துரிமையும் அதில் அடங்கியிருக்கிறது என்பதே காரணம்.

இப்போது வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் நாளிலேயே, வந்தவர் கணவரானாலும் மனைவியானாலும் கேட்டுவிடுகிறேன்: உயில் எழுதியிருக்கிறீர்களா, வருங்கால வைப்பு நிதியிலும் காப்பீட்டிலும் யாரை நியமித்திருக்கிறீர்கள்? பிரிய வந்த இடத்தில் சாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலருக்கு முகம் சுருங்குகிறது. அந்தத் தெருமுனையைச் சொல்கிறேன். பெரும்பாலோர் மறுவாரம் காகிதங்களை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.