கல்லுக்கு எடுத்த சிடியில் எலும்பையும் முதுகுத் தசையையும் அளக்கும் முறை

சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேன் படம், கல்லைப் பார்த்ததும் உறைக்குள் போய்விடும். முள்ளெலும்பும் அதை நிமிர்த்திப் பிடிக்கும் முதுகுத் தசையும் அதே படத்தில்தான் இருக்கின்றன. மறுபடி கதிர் படாமல் இரண்டையும் அளந்துவிடலாம். நாங்கள் அளக்கும் வரிசையும், வழக்கமாக இடறும் இடங்களும் இவை.

முதலில் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று பார்ப்போம். 120 கிலோவோல்ட், கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமல். வோல்ட் குறைந்தாலும் எலும்பின் எண் (அடர்த்தியை சிடி காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு) ஏறிக் காட்டும், ஊசி போட்டிருந்தாலும் ஏறும். கல்லுக்கு எடுப்பது பெரும்பாலும் ஊசியில்லாத படம் என்பதால்தான் அது இதற்கு வசதி.

அடுத்து பக்கவாட்டு வெட்டு. கடைசி விலா எலும்பு சேரும் இடத்துக்குக் கீழே இருப்பது எல்1, அதாவது இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு; அங்கிருந்து கீழே எல்5 வரை எண்ணுவோம். கீழிருந்து எண்ணிக்கொண்டு வந்தால், இடுப்பெலும்போடு ஒட்டிப்போன எல்5 உள்ளவர்களிடம் கணக்கு ஒன்று தப்பும். எல்1 நசுங்கியிருக்கிறதா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். நசுங்கிய எலும்பு இறுகிப்போய், நல்ல எலும்பைப் போல எண் காட்டும். அப்படியானால் அதற்கு மேலே உள்ள டி12 அல்லது கீழே உள்ள எல்2-க்குப் போக வேண்டியதுதான்.

எல்1-இன் நடுவில் குறுக்கு வெட்டு எடுத்து, முன்பக்கப் பஞ்செலும்பில் நீள்வட்டம் ஒன்று போடுவோம். ஓரத்துக் கெட்டி எலும்பும் பின்னால் நுழையும் ரத்தக்குழாயும் வட்டத்துக்குள் வரக்கூடாது. 2013-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பெரி பிக்ஹார்ட் குழு வெளியிட்ட அளவுகோல்தான் இன்றும் கைகொடுக்கிறது: 160 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகுக்கு மேல் இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய்) இருக்க வாய்ப்பு குறைவு, 110-க்குக் கீழே என்றால் ஐயம் வலுவானது.

தசைக்கு எல்3 மட்டம். அதிகம் பிழை நடப்பது இங்கேதான். முள்ளெலும்பை ஒட்டி மல்டிஃபிடஸ் என்ற தசை, அதற்கு வெளிப்புறம் எரெக்டர் ஸ்பைனே என்ற தசை. இரண்டையும் சேர்த்து, மூடியிருக்கும் உறையின் விளிம்போடு கோடு வரைந்தால், உள்ளே ஊறிய கொழுப்பும் சேர்ந்து சராசரி எண் இறங்கும். மாறாக, மைனஸ் 29 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்ட் வரை உள்ள புள்ளிகளை மட்டும் எடு என்று மென்பொருளிடம் சொன்னால், கொழுப்பு வெளியே தள்ளப்படும். சராசரி அழகாகத் தெரியும், பரப்பளவு மட்டும் சுருங்கும். ஒரே தசைதான், இரண்டு கதை. எந்த முறை என்று அறிக்கையில் எழுதாத எண்ணால் பயனில்லை. முதுகு பக்கவாட்டில் வளைந்தவர்களுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும். முள்ளெலும்பில் உலோக ஸ்க்ரூ போட்டிருந்தால் அந்த மட்டத்தையே விட்டுவிடுவது நல்லது.

எம்ஆர்ஐ இருந்தால் டி2 வகைப் படத்தின் (இது முள்ளெலும்பின் பெயரல்ல) குறுக்கு வெட்டில் கண்ணாலேயே தெரியும். நல்ல தசை கருஞ்சாம்பலாக இருக்கும். கெட்டது, கொழுப்பு இழையோடிய கறித்துண்டு போல வெள்ளைக் கோடுகளோடு இருக்கும். கொழுப்பு தசைக்குச் சமமானால் தசையில் ஊறிய கொழுப்பை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் கூட்டாலியர் முறையில் 3, மிஞ்சினால் 4. முதுகுக்கு அடியில் இருக்கும், எம்ஆர்ஐ சிக்னலை வாங்கும் காயிலுக்கு அருகிலுள்ள தசை சற்று வெளுத்துத் தெரிவதைக் கொழுப்பு என்று எண்ணிவிடக்கூடாது. எல்5 மட்டத்தில் வயதானால் மல்டிஃபிடஸில் கொஞ்சம் கொழுப்பு சகஜம், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தசை இழுக்கும் விசைதான் எலும்பை வலுவாக வைத்திருக்கிறது. அசையாமல் இருத்தல், மாதவிடாய் நிற்பது, நெடுநாள் ஸ்டீராய்டு எல்லாம் இரண்டையும் சேர்த்தே அரிக்கும். ஆனால் வயது ஒன்றே இரண்டையும் இறக்கிவிடும் என்பதால், தசை மோசம் என்று பார்த்தவுடனே எலும்பு நோய் என்று எழுதக்கூடாது. முடிவுக்கு எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் வேண்டும்; அதில் டி-ஸ்கோர் (இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்ற எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். நம் ஊரில் மூட்டுத் தேய்மானத்தையும் எலும்பு அடர்த்திக் குறைவையும் ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். டெக்சாவில் ஒன்று மற்றதை மறைக்கும்: தேய்மானத்தில் முளைத்த எலும்பு முனைகள் முதுகின் எண்ணை உயர்த்திவிடும். அப்போது இடுப்பின் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எலும்பு அடர்த்தி குறைந்து, தசைப் பயிற்சி தொடங்குபவர்கள் குனியும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். 1984-ல் மேயோ கிளினிக்கின் சினாகியும் மிக்கெல்சனும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ள 59 பெண்களிடம் பார்த்ததில், முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்கும், குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கும் புதிதாக முள்ளெலும்பு நசுங்கியது. சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் சிறியதல்ல.

மறுபடி அளக்கும்போது அதே இயந்திரம், அதே வோல்ட், அதே கோடு. ஒன்று மாறினாலும் எண்ணில் தெரியும் ஏற்றம் தசையினுடையதா இயந்திரத்தினுடையதா என்று பிரிக்க வழியில்லை.