பஸ்ல நெருக்குனா கந்தகம் இறங்கிடும்

பொங்கல் லீவுக்கு கோத்தகிரி வந்தேன், வந்த மறுநாளே கவாத்து கத்தி அடிக்கணும்னு பெரியப்பா பட்டறைக்கு இழுத்துட்டு போய்ட்டாரு. காயலான் கடைல வாங்குன ஒரு கம்பி. கொல்லர் அத உலைல வெச்சு நல்லா பழுக்க விட்டு ரெண்டு அடி போட்டதும் ஓரமெல்லாம் பொளந்துக்கிச்சு. "இந்த இரும்புக்கு தீ ஆகாதுங்க"ன்னு மூலைல வீசிட்டாரு. பெரியப்பா என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு, என்னமோ நான்தான் அத உருக்கி அனுப்புன மாதிரி.

எனக்கு உருக்காலைல மெல்டிங் ஷாப்ல, அதாவது இரும்ப உருக்குற பகுதில வேலை. கந்தகமா இருக்கலாம், ஸ்கிராப்ல கலந்த செம்பாவும் இருக்கலாம்னேன். கந்தகம் இரும்போட சேர்ந்தா 988 டிகிரிலயே உருகுற ஒரு கலவை உண்டாகும், பழுத்த கம்பிக்குள்ள அது தண்ணியா நிக்கும், சுத்தியல் பட்டா விரியாம என்ன செய்யும்? மாங்கனீஸ் போதுமான அளவு இருந்தா கந்தகத்த தான் பிடிச்சு வெச்சுக்கும், அப்ப தப்பிச்சோம்.

"அப்ப மொதல்லயே எடுத்துட வேண்டியதுதான?"ன்னாரு.

எடுக்கலாம் பெரியப்பா, ஆனா எப்ப எடுக்குறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து சாயங்காலம் ஏறி வர்ற பஸ்ஸ நினைச்சுக்கோங்க. குஞ்சப்பனை வர்றதுக்குள்ள மூச்சு முட்டும், படில நிக்கிறவன் எப்படா இறங்கலாம்னு இருப்பான். ஊதுலைல (தாதுல இருந்து இரும்பு எடுக்குற உலை) இருந்து வர்ற இரும்புல 4.3 சதவீதம் கார்பன் இருந்தா, கார்பன்தான் அந்த கூட்டம், கந்தகம் அந்த படில நிக்கிற ஆளு. கந்தகத்தோட அளவு அதேதான், ஆனா இறங்குற அவசரம் 3 மடங்கு. கார்பன் கந்தகத்த எவ்ளோ தள்ளும்னு காட்டுற எண் (கெழுவு) 0.11, அத 4.3 ஆல பெருக்குனா 0.47, 10ஐ அந்த 0.47 அடுக்குக்கு ஏத்துனா கிட்டத்தட்ட 3, அவ்ளோதான் கணக்கு (1600 டிகிரிக்கு உள்ள எண், 1952ல கார்ல் வாக்னர்ங்கற வேதியியலாளர் போட்ட வழி). சிலிக்கானும் கொஞ்சம் தள்ளும். அதனாலதான் கன்வெர்ட்டருக்கு (ஆக்சிஜன் ஊதி கார்பன எரிக்கிற பாத்திரம்) போறதுக்கு முன்னாடியே மக்னீசியமும் சுண்ணாம்பும் ஊதி கந்தகத்த எடுத்துடுறோம். ஆக்சிஜன் ஊதி கார்பன எரிச்சு முடிச்சப்புறம் பஸ் காலி, கந்தகம் ஜன்னலோரம் சாஞ்சு உக்காந்துக்கும், போதாததுக்கு உருக்குல ஆக்சிஜனும் ஏறியிருக்கும், சுண்ணாம்பு கந்தகத்த இழுக்குறதும் கஷ்டம்.

பாஸ்பரஸ் இதுக்கு நேரெதிர், அதுக்கு ஆக்சிஜன் வேணும், அதனால அது கன்வெர்ட்டர்லதான் போகும்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு அலுமினியம். ஆக்சிஜன பிடிக்கத்தான் அத போடுறோம், ஒரு அளவு வரைக்கும் கரைஞ்ச ஆக்சிஜன் இறங்கிட்டே வரும், அதுக்கு மேல போட்டா திரும்ப ஏற ஆரம்பிக்கும். ரெண்டுக்கும் அவ்ளோ ஒட்டுதல், அலுமினியம் கூடக்கூட ஆக்சிஜன் இரும்புக்குள்ளயே சௌகரியமா தங்கிடும். சேந்த புதுசுல "நிறைய போட்டா நல்லது"ன்னு நினைச்சு ஃபோர்மேன்கிட்ட வாங்குன திட்டு இன்னும் காதுல இருக்கு.

பெரியப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரி, அந்த மூலைல கெடக்குற கம்பில கார்பன் எவ்ளோ?"ன்னாரு. கொல்லர் சிரிச்சுட்டே ஒரு பழைய ஜீப் ஸ்பிரிங் பிளேட்ட எடுத்து உலைல சொருகுனாரு, சாயங்காலம் கத்தி ரெடி.