ஒப்பேற்றிய கணக்கு

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஓர் அறிக்கைக்கான அட்டவணைகளைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓர் அட்டவணையில் மட்டும் கணக்கு உதைத்தது. தேடிப்பார்க்கப் பொறுமையில்லை. ‘பிற இனங்கள்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, வித்தியாசத்தை அதில் போட்டுக் கூட்டுத்தொகையை நேராக்கிவிட்டேன். மறுநாள் அந்தப் பக்கம் திரும்பி வந்தது. அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் மேலாளர் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தார்: ‘பாட்ச்’ (botch).

வேலையைக் குளறுபடியாக்கிவிட்டவனைப் பார்த்துப் பேச்சுவழக்கில் சொல்வது. எனக்குக் கோபம் வந்தது. நான் எதைக் கெடுத்தேன்? கெட்டிருந்ததைச் சரிசெய்தேன் அல்லவா? அந்த வீம்பில்தான் அகராதியைப் புரட்டினேன்.

14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பழுதுபார்த்தல் என்றே பொருள். பழந்துணிக்கு ஒட்டுப்போடும் தையற்காரருக்கு ‘பாட்ச்சர்’ என்று பெயர். 16-ஆம் நூற்றாண்டில்தான், கைத்திறன் இல்லாமல் வேலையைக் கெடுப்பது என்ற பொருள் அதன்மேல் ஏறியது. ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில், கொலையாளிகளை ஏவும் மேக்பெத், வேலையில் ‘பாட்ச்’ எதையும் விட்டுவைக்காதீர்கள் என்கிறான். அங்கே அது பழுதைத்தான் குறிக்கிறது, பழுதுபார்த்தலை அல்ல.

இதன் திரிபான ‘பாட்ஜ்’ (bodge) என்ற சொல்லை இன்றும் பிரிட்டனில் அரைகுறை வேலைக்குச் சொல்கிறார்கள். ஆனால், இங்கிலாந்தின் சில்டர்ன் குன்றுகளில் உள்ள பீச் (beech) மரக்காடுகளில் கால்விசைக் கடைசல் பொறியை வைத்து நாற்காலிக் கால்களைக் கடைந்து, ஹை விக்கம் நகரத்துத் தொழிற்கூடங்களுக்கு அனுப்பிய கைவினைஞர்களுக்கும் ‘பாட்ஜர்’ என்றுதான் பெயர். அவ்வளவு தேர்ந்த கைகளுக்கு இப்படி ஒரு பெயரா என்று இன்றும் மனம் ஆறவில்லை.

அகராதியை மூட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒட்டுத்தான் போட்டேன். அந்த ஒட்டுக்கு அடியில் கிழிசல் அப்படியே இருந்தது. இனி யார் கண்ணிலும் படாது என்பதுதான் வித்தியாசம். தமிழில் இதற்கு ‘ஒப்பேற்றுதல்’ என்று அருமையான சொல் இருக்கிறது. மேலாளர் அந்தப் பழைய பொருளை அறிந்துதான் எழுதினாரா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

மூலப் பதிவேடுகளை வரவழைத்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இரண்டு நாள் ஆனது. ஒரே தொகை இரண்டு முறை பதிவாகியிருந்தது. அதில் ஒன்றை நீக்கினேன். ‘பிற இனங்கள்’ வரியையும் அடித்துவிட்டு மீண்டும் கூட்டினேன்.