லைன் ஹைட்டில் ஒட்டியிருந்த 'இஎம்'மைக் கழற்றியாச்சு

ஒருவழியாக, என் வலைப்பக்கத்தில் தலைப்பின் இரண்டாம் வரி முதல் வரிமேல் ஏறுவது நின்றது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸில் மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: பாடியில் (பக்கம் முழுவதையும் அடக்கும் எலிமெண்ட்) 1.5இஎம் என்றிருந்த லைன் ஹைட் (வரி உயரம்) இப்போது வெறும் 1.5.

பாடியின் எழுத்தளவு 16 பிக்சல். இஎம் என்பது எழுத்தளவின் மடங்கு. அதைப் போட்டால் பிரவுசர் அங்கேயே பெருக்கி 24 பிக்சல் என்று முடிவுகட்டி, அந்த 24-ஐயே உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் இறக்கிவிடும். எச்1, அதாவது முதன்மைத் தலைப்பின் எழுத்தளவோ 32. ஆங்கிலத் தலைப்பு கொஞ்சம் உரசலோடு ஒப்பேறும். தமிழில் மேல்வரி 'ழு', 'து'வின் வால்கள் கீழ்வரியின் புள்ளியிலும் 'கீ'யின் சுழியிலும் போய் மாட்டிக்கொள்ளும். 12 பிக்சல் அடிக்குறிப்பில் இதே 24 இரட்டிப்பு இடைவெளியாகி, பத்தி என்ற தோற்றமே போய்விடும். 150% எழுதினாலும் இதே கூத்துதான். வெறும் எண் என்றால் இறங்குவது எண். அவரவர் எழுத்தளவால் பெருக்கிக்கொள்வார்கள். எச்1க்கு 48, அடிக்குறிப்புக்கு 18.

இதில் நேரத்தைத் தின்றது டெவ்டூல்ஸ், பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சோதனைக் கருவி. பாடியை, பிரவுசர் கணக்கிட்ட மதிப்புகளைக் காட்டும் கம்ப்யூட்டட் பகுதியில் பார்த்தால் 1.5க்கும் 24 பிக்சல், 1.5இஎம்முக்கும் 24 பிக்சல். அங்கே எண்ணை எண்ணாகக் காட்டவே மாட்டார்கள்! எழுத்தளவு வேறாக இருக்கும் உள் எலிமெண்டைத்தான் பார்க்க வேண்டும். எச்1லும் 24 என்று வந்தால் மேலே எங்கோ யூனிட் ஒட்டியிருக்கிறது.

அதை நீக்கியும் பட்டனும் இன்புட்டும் மசியவில்லை. பிரவுசரின் சொந்த ஸ்டைல்ஷீட் அவற்றுக்குத் தனி ஃபாண்ட் கொடுத்து லைன் ஹைட்டை நார்மலாக்கிவிடுகிறது. மேலே இருப்பதையே எடுத்துக்கொள் என்று சொல்லும் 'ஃபாண்ட்: இன்ஹெரிட்' போட்டதும் சரியானது. ஃபாண்ட் அமைப்புகளை ஒரே வரியில் எழுதும் ஃபாண்ட் சுருக்கெழுத்திலும் இதே குழி: அளவுக்குப் பின் சாய்கோடு போட்டு எண் தராவிட்டால் லைன் ஹைட் சத்தமில்லாமல் நார்மலுக்குத் திரும்பும். நார்மல் என்பது அந்தந்த ஃபாண்ட் கோப்புக்குள் இருக்கும் அளவுகளைப் பொறுத்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் ஹிந்த் மதுரை, முக்தா மலர், மீரா இனிமை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள் முதலில் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிடுவது எழுத்தையா இடைவெளியையா என்றே தெரியாது.

தலைப்புக்கு 48 அதிகம்தான். ஆங்கிலப் பக்கங்களில் வழக்கமான 1.2 போட்டால் 38.4, தமிழ் வால்கள் மறுபடி நெருங்குகின்றன. இப்போதைக்கு 1.35, அதாவது 43.2. அடுத்து பத்தி இடைவெளியை, லைன் ஹைட்டையே அளவுகோலாகக் கொள்ளும் 'எல்எச்' யூனிட்டுக்கு மாற்ற வேண்டும். குரோம் 109, சஃபாரி 16.4, ஃபயர்ஃபாக்ஸ் 120 முதல் ஓடுகிறது. அதற்குள் எண்ணை மேலே ஏற்றிக் காட்டும் சூப் (sup) டேக் ஒன்று பாக்கி: அடிக்குறிப்பு எண் வரும் வரியை மட்டும் தூக்குகிறது. அதற்கு லைன் ஹைட் 0 கொடுத்துப் பார்க்கணும்.