சுழி சுத்தம்

என் அப்பா கிண்டி ரேஸ் கோர்ஸில் முப்பது வருஷம் சைஸாக இருந்தவர். குதிரையைத் தேய்த்துவிடுவது, தண்ணி காட்டுவது, விடியற்காலையில் நடத்திக் கூட்டிப்போவது, ராத்திரி அது காலை மாற்றி மாற்றி வைத்தால் எழுந்துபோய்ப் பார்ப்பது, எல்லாம் சைஸ் வேலைதான். எனக்குப் பத்து வயசிருக்கும்போது ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கூட்டிப்போனார். விற்கிறவர் குதிரையின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். வாங்க வந்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நெற்றி, கழுத்து, நெஞ்சு, விலா என்று முடியை விலக்கி விலக்கிச் சுழி தேடிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் அவர் விரல் நின்றது. அவ்வளவுதான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். "என்னப்பா ஆச்சு?" என்றேன். "சுழி சரியில்லையாம்" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போனபிறகு, "நடை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

இன்று நானும் சுழி பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஊர் மட்டும் ஆஸ்திரேலியா. சிட்னிக்கு வடக்கே ஹண்டர் பள்ளத்தாக்கில் ஸ்கோன் என்ற ஊரைச் சுற்றிக் குதிரைப் பண்ணைகள். அங்கே ஒரு குதிரை மருத்துவமனையில் எக்ஸ்ரே உதவியாளன் நான். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்தவன்தான். ஆனால் அந்தப் பட்டம் இங்கே தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறும்வரை செல்லாது. அதுவரை ஈய ஏப்ரன் மாட்டிக்கொண்டு, டாக்டரம்மா சொல்கிற கோணத்தில் தகட்டைப் பிடிக்க வேண்டும்.

பந்தயக் குதிரை ஏலத்துக்குப் போகும் ஒவ்வொரு குட்டிக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். நாலு கணுக்கால் மூட்டு, முன்னங்கால் முட்டி, பின்னங்கால் முட்டி, தொடை மூட்டு, முன் குளம்பு. மயக்க ஊசி ஏறியதும் குட்டியின் தலை மெதுவாகத் தாழ்ந்து வரும். கீழுதடு தொங்கும். தொடை மூட்டுப் படத்துக்கு நான் அதன் வயிற்றோடு ஒட்டி நின்று, தகட்டைத் தொடையின் உள்பக்கம் மேலே செருக வேண்டும். அரைத் தூக்கத்திலும் உதைக்கத் தெரிந்த பிராணி. அந்த இரண்டு விநாடி என் மூச்சும் அதன் மூச்சும் சேர்ந்தே நிற்கும்.

இந்தப் படங்கள் எல்லாம் ஏல நிறுவனத்தின் கணினிக் களஞ்சியத்தில் ஏறும். வாங்க நினைப்பவர் தன் டாக்டரை அமர்த்தி அங்கே பார்க்கச் சொல்வார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு விற்பவருக்குத் தெரிந்துவிடும். ஏல மேடையில் சுத்தியல் விழுவதெல்லாம் எனக்கு இப்போது கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவது மாதிரிதான் தோன்றுகிறது. பேச்சுவார்த்தை முந்தின வாரமே முடிந்திருக்கும். இருபது டாக்டர்கள் படம் பார்த்த குட்டிக்கு விலை எகிறும். இரண்டு பேர் பார்த்த குட்டிக்குக் கூவுகிறவர் தொண்டை வற்றக் கூவினாலும் கை எழாது.

நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருஷம் கொரோனா. 2020 ஏப்ரலில் சிட்னி ஈஸ்டர் ஏலம் கூட்டமில்லாமல், முழுக்க இணையத்தில் நடந்தது. குட்டி நடக்கும் வீடியோ, வம்சாவளிப் பக்கம், எங்கள் எக்ஸ்ரே. இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் கேட்டார்கள். குதிரைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒத்துக்கொண்டார்கள். இப்போது கூட்டம் திரும்பிவிட்டது, ஆனால் அந்தப் பழக்கம் போகவில்லை.

இந்த ஏலங்களில் பணம் எங்கே குவிகிறது என்று பார்த்தால், மேலே. உச்சாணியில். 2024 ஏப்ரல் ஈஸ்டர் ஏலத்தில் விங்க்ஸ் என்ற குதிரையின் மகள் வந்தது. விங்க்ஸ் தொடர்ச்சியாக 33 பந்தயம் ஜெயித்தவள், இந்த ஊருக்கு அவள் கிட்டத்தட்ட குலதெய்வம். மகளுக்கு விழுந்த விலை 1 கோடி டாலர். விங்க்ஸின் சொந்தக்காரர்களில் ஒருவரே வாங்கினார். அதற்கு முந்தின ஆஸ்திரேலிய உச்சம் 50 லட்சம், 2013இல் பிளாக் கேவியர் என்ற ராணியின் தம்பிக்குக் கிடைத்தது. அந்தத் தம்பி ஒரு பந்தயம்கூட ஓடாமல் அதே வருஷம் நோயில் செத்துப்போனது. ஆனால் விங்க்ஸை அதே 2013இல் கோல்ட் கோஸ்ட் ஏலத்தில் வாங்கியது 2,30,000 டாலருக்கு. பிளாக் கேவியருக்குக் கொடுத்தது 2,10,000. பெண்களின் விலை நடுத்தரம், அவர்களுடைய ரத்த சொந்தத்தின் விலை கோடி. வம்சாவளிப் பக்கத்தில் பெரிய பந்தயம் ஜெயித்த சொந்தக்காரர் பெயர்களைக் கறுத்த தடித்த எழுத்தில் அச்சடிப்பார்கள். பக்கம் கறுக்கக் கறுக்க விலை ஏறும். நம்மூர்க் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது ஞாபகம் வரும் எனக்கு.

குதிரைத் தரகர்களோடு டீ குடிக்கும்போது நான் வம்புக்கு எடுத்துவிடுவது டேக்ஓவர் டார்கெட் கதை. ஜோ ஜானியாக் என்ற டாக்ஸி டிரைவர் 1,250 டாலருக்கு வாங்கிய, யாரும் வேண்டாம் என்ற குதிரை. 2006இல் இங்கிலாந்தின் ராயல் அஸ்காட்டில் ஜெயித்தது, 2008இல் சிங்கப்பூரில் ஜெயித்தது. எதிர்ப்பக்கத்துக்கு அமெரிக்காவின் கிரீன் மங்கி. 2006இல் ஃபுளோரிடா ஏலத்துக்கு முன் 200 மீட்டரை 9.8 விநாடியில் ஓடிக் காட்டிய இரண்டு வயசுக் குட்டி. ஏலத்தில் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்க டாலர் போனது. பிறகு மூன்றே பந்தயம், ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. தரகர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த லாயத்துக்குப் போய்க் கறுத்த பக்கத்தையே வாங்குவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இவர்கள் வாங்குவது குதிரையை இல்லை. ஆண்குட்டி என்றால் நாளைய பொலிகுதிரை, பெண்குட்டி என்றால் நாளைய தாய். ஐ ஆம் இன்வின்சிபிள் என்ற பொலிகுதிரைக்கு 2010இல் சினைக்கட்டணம், அதாவது ஒரு தாய்க்குதிரையை அதோடு சேர்க்கக் கொடுக்கும் தொகை, 11,000 டாலர். பிற்பாடு 3 லட்சத்தைத் தொட்டது. அப்படி ஒன்று சிக்கினால் போதும் என்று பத்துப் பேர் கூட்டுச் சேர்ந்து இருபது ஆண்குட்டிகளை வாங்குகிறார்கள். பத்தொன்பது தேறாவிட்டால் பரவாயில்லை. சிட்னியின் ராண்ட்விக் ரேஸ் கோர்ஸில் 2017இல் தொடங்கிய எவரெஸ்ட் பந்தயத்தின் பரிசுத்தொகை 1 கோடியிலிருந்து 2 கோடி டாலர் ஆகிவிட்டது, தூரம் வெறும் 1,200 மீட்டர். ஆகவே எல்லோருக்கும் வேகம் வேண்டும், சீக்கிரம் வேண்டும். ரெண்டு மைல் ஓடும் வம்சத்துக்கு மரியாதை உண்டு, விலை இல்லை.

கீழ்த்தட்டில் நடப்பதைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை. மக்காவ் ரேஸ் 2024 ஏப்ரல் 1ஆம் தேதியோடு மூடப்பட்டது. சிங்கப்பூரில் அதே வருஷம் அக்டோபர் 5 கடைசி பந்தயம். 1842இல் தொடங்கியது, 180 வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது. நடுத்தர விலைக்குக் குதிரை தேடி வந்துகொண்டிருந்த ஆசிய வியாபாரிகளில் ஒரு பகுதி இப்படிக் காணாமல் போனது. அந்த வருஷம் செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை ரத்து செய்து தமிழக அரசு எடுத்துக்கொண்டது. அப்பா போனில் அதிகம் பேசவில்லை. "நூத்தியறுவது ஏக்கர்டா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் புரியவைத்தது ஒரு பெண்குட்டி.

ஒரு டிசம்பர் கடைசி. வயசான ஒரு தம்பதி, ஒரே ஒரு தாய்க்குதிரை வைத்திருப்பவர்கள், பிப்ரவரி ஏலத்துக்காகத் தங்கள் குட்டியைக் கொண்டுவந்தார்கள். புதுப் பொலிகுதிரைக்குப் பிறந்தது, சினைக்கட்டணம் மட்டும் 33,000 கொடுத்திருந்தார்கள். புதுப் பொலிகுதிரைக்கு ஏன் போனார்கள் என்றால், சந்தை அப்படி. அதன் பிள்ளைகள் இன்னும் ஓடவில்லை, ஆகவே தோற்கவும் இல்லை. தோற்காதவரை எல்லோருக்கும் கனவு, கனவுக்கு நல்ல விலை. சினை சேர்த்ததிலிருந்து ஏலத்துக்குக் கொண்டுவர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஊரின் மோகம் வேறு குதிரைமேல் திரும்பிவிட்டால், சொல்லிக்கொள்ள ஆள் கிடையாது.

இருபத்தெட்டாவதோ இருபத்தொன்பதாவதோ படம். இடது தொடை மூட்டு. லேப்டாப்பில் எலும்பின் முனையில் ஓர் உளுந்து அளவுக்குக் கறுப்பு. என் கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். "இன்னொண்ணு எடுத்துடறேன்" என்றேன். எடுத்தேன். அதே இடத்தில் அதே உளுந்து. மூன்றாவதும் எடுத்தேன். டாக்டரம்மா என் தோளைத் தொட்டு, போதும் என்றார். எலும்புக்குள் சின்ன நீர்க்கட்டி. இதோடு ஓடி ஜெயித்த குதிரைகள் உண்டு, நொண்டிப்போனதும் உண்டு. படம் எதையும் அடித்துச் சொல்வதில்லை, சந்தேகத்தை மட்டும் விதைக்கும். சந்தையில் சந்தேகத்துக்குத்தான் விலை குறைகிறது.

"மெஷின் கோளாறா இருக்க வாய்ப்பிருக்கா தம்பி?" என்ற மாதிரி கேட்டார் பெரியவர். ஆங்கிலத்தில்தான் கேட்டார், என் காதில் அப்படித்தான் விழுந்தது. இல்லை என்று சொன்னது நான்தான், டாக்டரம்மா அப்போது கை கழுவப் போயிருந்தார்.

பெரிய பண்ணைகள் என்ன செய்கின்றன தெரியுமா? குட்டி பால் மறந்த கொஞ்ச நாளிலேயே தங்களுக்காக ஒரு தடவை ரகசியமாகப் படம் எடுத்துப் பார்த்துவிடும். மூட்டில் எலும்புச் சில்லு இருந்தால் துளை போட்டு எடுத்துவிடும். கால் கோணலாக வளர்ந்தால் ஸ்க்ரூ வைத்து நேராக்கும். ஏலத்துக்கான படம் எடுக்கும்போது குட்டி கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தியூரில் வேண்டாத சுழிமேல் முடியைக் கத்தரித்து மறைப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இங்கே ஆபரேஷன் தியேட்டரில் செய்கிறார்கள். இதை நான் மோசடி என்று சொல்லவில்லை. குதிரைக்கு அது நல்லதும்கூட. ஆனால் சுத்தமான எக்ஸ்ரே என்பதும் காசு கொடுத்து வாங்குகிற ஒன்று என்று எனக்குத் தெரிந்த நாள் அது. ஒரே தாய்க்குதிரை வைத்திருப்பவரிடம் அந்தக் காசு இருக்காது.

அன்றிரவு அப்பாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நடை எப்படிடா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அதன் எலும்புகள் அத்தனையும் பார்த்திருந்தேன். மயக்கத்தில் நின்ற குட்டி அது, வண்டியிலிருந்து இறக்கும்போது நான் ஜெனரேட்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் வார்விக் ஃபார்ம் ஏல வளாகத்தில், தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் வேலைக்காக டாக்டரம்மாவோடு போயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குட்டியின் லாயத்தைத் தேடிப் போனேன். பெரியவரின் மனைவி அதை நடத்திக் காட்டினார். தோள் தளர்ந்து, தலை தாழ்ந்து, பின்கால் குளம்பு முன்கால் பதிந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் விழுந்தது. அவசரமே இல்லாத நடை. அப்பா இருந்திருந்தால் இன்னொரு தடவை நடத்தச் சொல்லியிருப்பார். நான் வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். எத்தனை டாக்டர்கள் படம் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அந்தம்மாவே சொன்னார். இரண்டு.

ஏல வளையத்தில் குட்டி நின்ற நேரம் இரண்டு நிமிஷம் இருக்கும். 20,000இல் ஆரம்பித்து 45,000 வரை போய் அங்கேயே நின்றது. அவர்கள் வைத்திருந்த குறைந்தபட்ச விலை 60,000. கூவுகிறவர் ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுத்துப் பார்த்துவிட்டு, விற்கவில்லை என்று அடுத்த எண்ணுக்குப் போனார்.

சாயங்காலம் லாயத்துக்கே ஒரு பயிற்சியாளர் வந்தார். 40,000 என்றார். பெரியவர் கொஞ்ச நேரம் சவுக்கு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சினைக்கட்டணமும் இரண்டு வருஷத் தீவனமும் வண்டி வாடகையும் போட்டால் நஷ்டம்தான், வீட்டுக்குக் கொண்டுபோனால் நஷ்டம் இன்னும் வளரும். கை கொடுத்தார்.

அப்பாவின் பதில் அப்போதுதான் வந்தது. குரல் செய்தி. "நல்லா எடுத்து வைக்குதுடா. யாரு வாங்குனாங்க?"

குட்டியின் தலையில் பித்தளைத் தகடு பதித்த தோல் வார் இருந்தது, தாய்க்குதிரையின் பெயர் பொறித்தது. அது வீட்டுப் பொருள், விற்பனையில் சேராது. அந்தம்மா கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பயிற்சியாளரின் ஆள் நீட்டிய நைலான் கயிற்றைத் தானே மாட்டினார், ஒரு துளை இறுக்கமாக இருக்கிறது என்று தளர்த்திவிட்டார். தோல் வாரைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் வெளிவாசல் எந்தப் பக்கம் என்று கேட்டார்.